கேட்டலாக் ரெக்கார்டுகள மொத்தமா வெளிய எடுக்குறது: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

லைப்ரரி சாஃப்ட்வேர்ல ஒரு புத்தகத்தோட விவரத்த தேடிப் பாக்குறது எல்லாருக்கும் தெரிஞ்ச வேலைதான். ஆனா 20,000 புத்தகத்தோட விவரத்தயும் ஒரே ஃபைலா வெளிய எடுக்கணும், எடுத்தத இன்னொரு சாஃப்ட்வேர் ஒரு எழுத்து விடாம படிக்கணும்னு வரும்போது பலருக்கும் எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியுறதில்ல. சாஃப்ட்வேர் மாத்துறப்ப இந்தத் தேவை வரும், பல நூலகங்கள் சேந்து ஒரு கூட்டு கேட்டலாக் போடுறப்ப வரும், ரெக்கார்டுல இருக்குற பிழைய எல்லாம் வெளிய வச்சு மொத்தமா திருத்தி திரும்ப ஏத்தணும்னாலும் வரும். எக்ஸ்போர்ட் பட்டன அமுக்குறது ஒரு நிமிஷ வேலை, உண்மையான வேலை அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கு: எந்த ஃபார்மட்ல எடுக்குறோம், கூட எதெல்லாம் வருது எதெல்லாம் வரல, வந்தது முழுசா வந்துச்சா. ஒரு கேட்டலாக்ங்கிறது பல பேர் பல வருஷம் உக்காந்து ஒவ்வொரு புத்தகமா கையில எடுத்துப் பாத்து டைப் பண்ணினது, அது ஒரு சாஃப்ட்வேருக்குள்ளயே மாட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன், அதனாலதான் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

முதல்ல ரெக்கார்டுன்னு எத சொல்றோம்னு பாத்துடுவோம். நூலக சாஃப்ட்வேர்ல ரெக்கார்டு ஒரே வகை கிடையாது. புத்தகத்தோட தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஐஎஸ்பிஎன், பொருள் தலைப்பு இதெல்லாம் இருக்குறது பிப்ளியோ ரெக்கார்டு. அதே புத்தகத்துல நம்மகிட்ட 4 காப்பி இருந்தா ஒவ்வொரு காப்பிக்கும் தனியா பார்கோடு, கால் நம்பர் (ஷெல்ஃப்ல புத்தகத்தோட இடத்தக் காட்டுற எண்), எந்தக் கிளை, எந்த ஷெல்ஃப், என்ன விலைன்னு இருக்குமே, அது ஐட்டம் ரெக்கார்டு. மூணாவதா அதாரிட்டி ரெக்கார்டு, அதாவது ஒரு ஆசிரியர் பேர எந்த வடிவத்துல எழுதணும், வேற எந்தெந்த பேர்ல தேடினாலும் இவர்கிட்டயே வரணும்னு முடிவு பண்ணி வச்சிருக்கிற ரெக்கார்டு. எக்ஸ்போர்ட் பண்ணிட்டேன்னு ஒருத்தர் சொன்னா இந்த மூணுல எதுன்னு கேளுங்க, பெரும்பாலும் முதலாவது மட்டும்தான் இருக்கும், ஐட்டம் சேந்து வந்திருந்தா நல்லது, அதாரிட்டிய நிறைய பேர் மறந்தே போயிடுவாங்க.

இந்த ரெக்கார்டு எல்லாம் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போறது மார்க் ஃபார்மட்ல. 1960-கள்ல அமெரிக்காவுல லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல ஹென்றியெட் ஆவ்ரம்ங்கிற கம்ப்யூட்டர் புரோகிராமர் தலைமையில உருவானது இது, கார்டுல டைப் அடிச்சு வச்சிருந்த விவரத்த மெஷின் படிக்கிற மாதிரி ஆக்கணும்ங்கிறதுதான் நோக்கம். ஒவ்வொரு விவரத்துக்கும் 3 இலக்க எண் ஒண்ணு கொடுத்தாங்க, அதத்தான் டேக்னு சொல்றோம். 020 ஐஎஸ்பிஎன், 100 முதன்மை ஆசிரியர், 245 தலைப்பு, 250 பதிப்பு, 260 இல்லன்னா 264 வெளியீட்டு விவரம், 300 பக்கம் அளவு, 650 பொருள் தலைப்பு, 700 கூடுதல் ஆசிரியர். தினமும் கேட்டலாக் பண்றவங்க 245 போட்டாச்சான்னுதான் கேப்பாங்க, தலைப்பு போட்டாச்சான்னு கேக்க மாட்டாங்க. அமெரிக்க வடிவத்தையும் கனடா வடிவத்தையும் ஒண்ணாக்கி 1999-ல வந்ததுதான் இன்னைக்கு நாம பயன்படுத்துற மார்க் 21. ஆனா மார்க்னு சொன்னாலே மார்க் 21-ன்னு எடுத்துக்காதீங்க, யூனிமார்க்னு இன்னொண்ணு இருக்கு, அதுல தலைப்பு 245-ல இருக்காது, 200-ல இருக்கும். ஃபைல வாங்கிப் படிக்கப் போற சாஃப்ட்வேர் எத எதிர்பாக்குதுன்னு முதல்லயே கேட்டு வச்சிடுங்க.

இப்ப அந்த ஃபைலுக்குள்ள என்னதான் இருக்கு? எம்ஆர்சின்னு முடியுற ஃபைல நோட்பேட்ல திறந்தா ஒரே குழப்பமா, வரி பிரிக்காம நீளமா எண்ணும் எழுத்துமா கொட்டும், பாத்ததும் ஃபைல் கெட்டுப் போச்சுன்னு நினைக்காதீங்க, அது அப்படித்தான் இருக்கும். ஐஎஸ்ஓ 2709-ங்கிற தரப்படி ஒவ்வொரு ரெக்கார்டுலயும் முதல்ல நீளம், எழுத்துக் குறியீடு மாதிரி பொது விவரம் சொல்ற 24 எழுத்து லீடர், அதுக்கு அப்புறம் டைரக்டரி, அதுக்கு அப்புறம்தான் உண்மையான விவரம். டைரக்டரிங்கிறது புத்தகத்துல வர்ற பொருளடக்கம் மாதிரி, எந்த விவரம் எங்க ஆரம்பிக்குது எவ்ளோ நீளம்னு சொல்லும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும், அதாவது ஒரு டேக்குக்குக் கீழ வர்ற விவரத்துக்கும், அதுல 12 இலக்கம்: முதல் 3 டேக், அடுத்த 4 நீளம், கடைசி 5 ஆரம்பிக்கிற இடம். இது கொஞ்சம் பொறுமையா புரிஞ்சுக்க வேண்டிய இடம், தமிழ் ரெக்கார்டு உடையுறது பல சமயம் இங்கதான்.

ஒரு உதாரணம் பாப்போம். 245-ல தலைப்பு நூலகம்னு ஒரே வார்த்தைன்னு வச்சுக்கோங்க. கண்ணுக்கு நூ, ல, க, ம்னு 4 எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி குறியீடு கொடுக்குற முறை) 6 குறியீடு, ஏன்னா நூ-வுல ந தனி, ஊகாரக் குறி தனி, ம்-ல ம தனி, புள்ளி தனி. அந்தக் குறியீட்ட ஃபைல்ல சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும், அப்ப மொத்தம் 18 பைட். இதோட ஃபீல்டு தொடக்கத்துல வர்ற குறிப்பு எழுத்தான இண்டிகேட்டர் 2, ஃபீல்டுக்குள்ள இருக்குற சின்னப் பகுதியான சப்ஃபீல்டோட ஆரம்பக் குறியும் அதோட எழுத்தும் சேந்து 2, ஃபீல்டு முடியுற குறி 1, ஆக 23 பைட். இந்த ஃபீல்டு 120-வது இடத்துல ஆரம்பிச்சா டைரக்டரியில 245002300120-ன்னு இருக்கணும், அடுத்த ஃபீல்டு 143-ல ஆரம்பிக்கணும். ஆனா எக்ஸ்போர்ட் பண்ற சாஃப்ட்வேர் பைட்ட எண்ணாம குறியீட்ட எண்ணினா என்ன ஆகும்? 6 கூட்டல் 5, 11-ன்னு கணக்கு போட்டு 245001100120-ன்னு எழுதும், அடுத்த ஃபீல்டு 131-ல ஆரம்பிக்குதுன்னு சொல்லும். படிக்கிற சாஃப்ட்வேர் அத நம்பி 131-க்குப் போனா அங்க தலைப்போட பாதி இருக்கும். அதுல இருந்து அந்த ரெக்கார்டு முழுசும் சரிஞ்சுக்கிட்டே போகும். இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொண்ணும் ஒரு பைட்டுங்கிறதால இங்கிலீஷ் ரெக்கார்டுல இந்தப் பிழை வெளியவே தெரியாது, டெஸ்ட் பண்ணினவங்க இங்கிலீஷ் புத்தகத்த மட்டும் வச்சு டெஸ்ட் பண்ணியிருந்தா எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொல்வாங்க.

அதே காரணத்துக்காகத்தான் இந்த ஃபைல நோட்பேட்ல திறந்து ஒரு எழுத்துப்பிழைய திருத்தி சேவ் பண்ணக் கூடாதுங்கிறேன். ஒரு எழுத்து கூடினா நீளம் மாறுது, டைரக்டரி பழைய நீளத்தையே சொல்லிக்கிட்டு இருக்கும். சில டூல் சமாளிச்சுப் படிச்சிடும், சிலது மொத்த ஃபைலயும் ஏத்த முடியாதுன்னு நின்னுடும். திருத்தணும்னா மார்க்எடிட் மாதிரி ஒரு டூல்ல போட்டு, ஃபீல்டுக்கு ஒரு வரியா பிரிச்சு காட்டுற வடிவத்துக்கு மாத்தி, அங்க திருத்தி, திரும்ப மார்க்கா கட்டணும். நீளம் எல்லாம் அது புதுசா கணக்கு போட்டுக்கும். மார்க்எடிட் இலவசம்தான், இந்த வேலைக்கு முதல்ல கத்துக்க வேண்டியது இதுன்னு தயங்காம சொல்வேன். அப்பவும் 008-ங்கிற ஃபீல்ட மட்டும் கவனமா தொடுங்க, புத்தகத்துக்கான ரெக்கார்டுல அது சரியா 40 எழுத்து, நடுவுல இருக்குற வெறும் இடத்துக்கும் அர்த்தம் உண்டு, 0-ல இருந்து எண்ணினா 35-ல இருந்து 37 வரைக்கும் மொழிக் குறியீடு. தேவையில்லாத ஸ்பேஸ்னு நினைச்சு அழிச்சா மொழி இருக்க வேண்டிய இடத்துல வேற ஏதோ வந்து உக்காந்துடும், அப்புறம் தமிழ்ப் புத்தகம் மட்டும்னு ஃபில்டர் போட்டா அந்த ரெக்கார்டு வராது.

எழுத்து சம்பந்தமா இன்னும் ரெண்டு விஷயம். லீடர்ல 9-வது இடம், 0-ல இருந்து எண்ணணும், அங்க இங்கிலீஷ் சின்ன எழுத்து a இருந்தா யூனிகோட், வெறுமையா இருந்தா மார்க்-8-ங்கிற பழைய குறியீட்டு முறை. மார்க்-8-ல தமிழுக்கு இடமே கிடையாது, அதனால எக்ஸ்போர்ட் பண்றப்ப குறியீடு எதுன்னு கேட்டா யோசிக்காம யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்க. சில சமயம் உள்ள இருக்குறது யுடிஎஃப்-8 ஆவே இருக்கும், 9-வது இடம் மட்டும் வெறுமையா விட்டிருப்பாங்க, வாங்குற சாஃப்ட்வேர் மார்க்-8-ன்னு நம்பி மாத்தப் போயி தமிழ் எல்லாம் கேள்விக்குறியும் கிறுக்கலுமா ஆயிடும். ரெண்டாவது, யூனிகோடுக்கு முன்னாடி பாமினி, திஸ்கி மாதிரி முறைகள்ல அடிச்ச ரெக்கார்டு. அந்த ஃபான்ட் இருக்குற கம்ப்யூட்டர்ல திரையில தமிழா தெரியும், ஆனா டேட்டாபேஸ்ல இருக்குறது தமிழே இல்ல, வெளிய எடுத்தா அந்தக் குப்பைதான் வரும். எக்ஸ்போர்ட்ல ஒண்ணும் தப்பு இல்ல, உள்ள இருந்ததே அதான். அத யூனிகோடுக்கு மாத்துற வேலைய தனியா செய்யணும், அதுவும் 245, 100 மாதிரி தமிழ் இருக்குற ஃபீல்டுல மட்டும், மொத்த ஃபைலயும் கன்வெர்ட்டர்ல போட்டா இங்கிலீஷ்ல இருக்குற விவரமும் சேந்து நாசமாகும்.

ஐஎஸ்ஓ 2709-க்கு இன்னொரு எல்லை இருக்கு. லீடரோட முதல் 5 இலக்கம்தான் ரெக்கார்டோட மொத்த நீளம், 5 இலக்கத்துல எழுதக் கூடிய பெரிய எண் 99999, அப்ப ஒரு ரெக்கார்டு 99,999 பைட்ட தாண்ட முடியாது. ஒரு சாதாரண புத்தகம் இதுக்கு பக்கத்துல கூட வராது. ஆனா ஒரு வார இதழ எடுத்துக்கோங்க, ஒரே பிப்ளியோ ரெக்கார்டு, அதுக்குக் கீழ 30 வருஷத்து இதழ் ஒவ்வொண்ணும் ஒரு ஐட்டம், வருஷத்துக்கு 52-ன்னு வச்சா 1,560 ஐட்டம், ஒவ்வொண்ணும் 150 பைட்டுன்னாலே 2,34,000 பைட் ஆகுது. இந்த மாதிரி ரெக்கார்டுக்கு மார்க்எக்ஸ்எம்எல்ல எடுக்குறதுதான் வழி. அதே டேக், அதே சப்ஃபீல்டு, எழுதுற விதம் மட்டும் எக்ஸ்எம்எல், நீளத்துக்கு எல்லை கிடையாது, பைட் கணக்கு பிரச்சினையும் கிடையாது. ஃபைல் சைஸ் பெருசாகும், அத பத்தி கவலைப்பட வேண்டாம். வாங்குற சாஃப்ட்வேர் ரெண்டையும் ஏத்துக்கும்னா தமிழ் நிறைய இருக்குற கேட்டலாகுக்கு நான் மார்க்எக்ஸ்எம்எல் பக்கம்தான் நிப்பேன்.

சிஎஸ்வி போதாதா?

எக்செல்ல திறக்கலாம், பாத்தாலே புரியும், அதனால எல்லாரும் முதல்ல கேக்குறது சிஎஸ்விதான், அதாவது வரிக்கு ஒரு ரெக்கார்டா, காற்புள்ளி போட்டு கட்டம் பிரிச்ச ஃபைல். மனுஷன் பாக்குறதுக்கு, பட்டியல் அச்சடிக்கிறதுக்கு, ஷெல்ஃப்ல போய் சரிபாக்குறதுக்கு சிஎஸ்வி ரொம்ப நல்லது. ஒரு கேட்டலாக்க இன்னொரு சாஃப்ட்வேருக்கு மாத்துறதுக்கு அது மட்டும் இருந்தா போதாது. ஒரு புத்தகத்துக்கு 3 பொருள் தலைப்பு இருந்தா மார்க்ல 650 மூணு தடவ தனித்தனியா வரும், சிஎஸ்வில ஒரே கட்டத்துக்குள்ள திணிக்கணும். நடுவுல தெளிவான ஒரு பிரிப்புக்குறி இல்லன்னா எங்க ஒண்ணு முடிஞ்சு எங்க அடுத்தது ஆரம்பிக்குதுன்னு பிறகு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. கோஹாங்கிற நூலக சாஃப்ட்வேர்ல எஸ்க்யூஎல் ரிப்போர்ட் (டேட்டாபேஸ்கிட்ட நேரடியா விவரம் கேக்குறது) எழுதி எக்ஸ்ட்ராக்ட்வேல்யூங்கிற கட்டளைய வச்சு 650-ய எடுத்தா இதான் நடக்கும், மூணையும் ஒரு ஸ்பேஸ் மட்டும் விட்டு ஒட்டிக் கொடுத்துடும்.

எக்செல்னால வர்ற சேதம் தனி. 13 இலக்க ஐஎஸ்பிஎன்ன அது எண்ணா நினைச்சு 9.78-ன்னு ஆரம்பிச்சு பக்கத்துல ஈ, பிளஸ், 12-ன்னு சுருக்கிக் காட்டும், அப்படியே சிஎஸ்வியா சேவ் பண்ணினா சுருக்கினதுதான் சேவ் ஆகும், மிச்ச இலக்கம் போயே போச்சு. 0-ல ஆரம்பிக்கிற 10 இலக்க ஐஎஸ்பிஎன்லயும் பார்கோடுலயும் முன்னாடி இருக்குற 0 காணாமப் போகும். அதனால சிஎஸ்விய டபுள் கிளிக் பண்ணித் திறக்காம, எக்செல்ல இம்போர்ட் வழியா போயி, குறியீடு யுடிஎஃப்-8-ன்னும் ஒவ்வொரு காலமும் டெக்ஸ்ட்னும் சொல்லித் திறங்க. இன்னொண்ணு, தலைப்புக்குப் பின்னாடி ஒரு சாய்கோடு, பதிப்பூருக்குப் பின்னாடி ஒரு முக்காற்புள்ளி தனியா தொங்கிட்டு இருக்கும், பாத்து பிழைன்னு அழிச்சிடாதீங்க, பழைய கேட்டலாக் விதிப்படி அடுத்த விவரம் ஆரம்பிக்கிறதக் காட்ட சப்ஃபீல்டு கடைசியில போடுற குறி அது.

கோஹாவுல எடுக்குற விதம்

கோஹாவ உதாரணமா எடுத்துக்குறேன், உலகம் முழுக்க நிறைய நூலகத்துல இருக்கு, ஓப்பன் சோர்ஸ், 1999-ல நியூசிலாந்துல ஒரு பொது நூலக அமைப்புக்காக எழுத ஆரம்பிச்சு 2000 ஜனவரில பயன்பாட்டுக்கு வந்தது. எக்ஸ்போர்ட் டூல் வெர்ஷனப் பொறுத்து டூல்ஸ் பக்கத்துலயோ கேட்டலாகிங் பக்கத்துலயோ இருக்கும். அதுல பிப்ளியோ நம்பர் எதுல இருந்து எது வரைக்கும், எந்த ஐட்டம் டைப், எந்தக் கிளை, எந்தக் கால் நம்பர் வரிசை, எந்தத் தேதிக்குள்ள சேத்ததுன்னு வடிகட்டலாம். ஒண்ணும் கொடுக்காம விட்டா மொத்தமும் வரும். ஒரு லிஸ்ட் கையில இருந்தா பிப்ளியோ நம்பர வரிக்கு ஒண்ணா ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டு அப்லோடு பண்ணி அந்த ரெக்கார்டுகள மட்டும் எடுக்கலாம், இத நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ஐட்டம் வேண்டாம்னு ஒரு டிக், எந்த ஃபீல்டு வேண்டாம்னு எழுத ஒரு கட்டம், கடைசியா ஃபைல் வகை மார்க்கா மார்க்எக்ஸ்எம்எல்லா. அதாரிட்டிக்கு அதே பக்கத்துல தனி டேப் இருக்கு.

கோஹா ஐட்டம் விவரத்த 952-ல வச்சு அனுப்பும், ஒரு காப்பிக்கு ஒரு 952. இங்க ஒரு சிக்கல். 9-ல ஆரம்பிக்கிற டேக் எல்லாம் அந்தந்த நூலகம், அந்தந்த சாஃப்ட்வேர் இஷ்டத்துக்கு வச்சுக்கிறதுக்குன்னு விட்டது, அதனால கோஹாவுல 952-ல இருக்குற பார்கோடு இன்னொரு சாஃப்ட்வேர்ல வேற டேக்ல எதிர்பாக்கப்படலாம், மார்க் 21 ஹோல்டிங்ஸ் (காப்பி விவரத்துக்கான) முறைய பின்பத்துற சாஃப்ட்வேர் 852-ல தேடும். ரெக்கார்டு அழகா ஏறியிருக்கும், ஒரு காப்பி கூட இருக்காது. அதனால 952-ல இருக்குற ஒவ்வொரு சப்ஃபீல்டும் அந்தப் பக்கம் எங்க போகணும்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட பிறகுதான் எக்ஸ்போர்ட் பண்ணணும். அதே மாதிரி 999-ல கோஹாவோட சொந்த பிப்ளியோ நம்பர் இருக்கும், தேவையில்லன்னு தூக்கிடாம, வேற சிஸ்டத்தோட எண் வைக்கிற 035-க்கு மாத்தி வச்சா பிறகு எந்த ரெக்கார்டு எங்க இருந்து வந்ததுன்னு எப்பவும் கண்டுபிடிக்கலாம்.

வின்ஐசிஸ்ங்கிற பழைய நூலக சாஃப்ட்வேர்ல இருந்து எடுக்குறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அதுவும் ஐஎஸ்ஓ ஃபைல்தான் கொடுக்கும், ஆனா உள்ள இருக்குற டேக் நூலகம் தானா வச்சுக்கிட்டது, மார்க் 21 இல்ல, தலைப்பு 24-லயோ 200-லயோ எதுல வேணா இருக்கலாம், போதாக்குறைக்கு 80 எழுத்துக்கு ஒரு வரியா உடைச்சு எழுதும். நேரடியா எங்கயும் ஏத்த முடியாது, டேக் மாத்துற வேலை கண்டிப்பா உண்டு.

ரெக்கார்டு நிறைய இருந்தா பிரௌசர் வழியா எடுக்குறப்ப பாதியில சர்வர் கைவிட்டுடும், மோசம் என்னன்னா ஒரு ஃபைல் இறங்கியிருக்கும், பாக்க சரியா இருக்கும், கடைசி பகுதி மட்டும் இருக்காது. 5,000 ரெக்கார்டா பிரிச்சு எடுக்கலாம், இல்ல சர்வர்ல உக்காந்து கமாண்ட் லைன் ஸ்கிரிப்ட் வழியா கூட்டம் இல்லாத நேரத்துல மொத்தமா எடுக்கலாம், கோஹாவுல அதுக்குன்னே ஸ்கிரிப்ட் இருக்கு, குறிப்பிட்ட தேதிக்கு அப்புறம் மாறினது மட்டும்னும் கேக்கலாம். கூட்டு கேட்டலாகுக்கு வாராவாரம் அனுப்பணும்னா ஒவ்வொரு தடவயும் ஃபைல் எடுத்துக்கிட்டு இருக்காம ஓஏஐ-பிஎம்எச்ங்கிற நெறிமுறைய திறந்து விட்டா அவங்க சைடுல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா இழுத்துப்பாங்க. மாறினத மட்டும் அனுப்புறப்ப நாம அழிச்ச ரெக்கார்டு ஃபைல்ல வராதுங்கிறத ஞாபகம் வச்சுக்கோங்க, அந்தப் பட்டியல தனியா கொடுக்கலன்னா கழிச்சுப் போட்ட புத்தகம் கூட்டு கேட்டலாக்ல இருந்துக்கிட்டே இருக்கும், வாசகர் அத நம்பி தேடி வருவாங்க.

வெளிய கொடுக்குற ஃபைல்ல ஊழியர்களுக்கு மட்டும்னு எழுதின குறிப்பு, வாங்கின விலை, நன்கொடை கொடுத்தவர் பேர் எல்லாம் ஐட்டத்தோட போயிடும், யாருக்குக் கொடுக்குறோம்னு பாத்து அந்த சப்ஃபீல்ட விலக்கிடுங்க. இந்த ஃபைல பேக்கப்னும் நினைக்காதீங்க, இதுல உறுப்பினர், இஷ்யூ ரிட்டர்ன், அபராதம், செட்டிங் எதுவும் கிடையாது, அதுக்கு டேட்டாபேஸ் முழுசயும் டம்ப் (முழு நகல்) எடுக்கணும்.

எடுத்து முடிச்சதும் முதல்ல எண்ணிக்கை. டேட்டாபேஸ்ல பிப்ளியோ எத்தனன்னு ஒரு ரிப்போர்ட், ஃபைல்ல எத்தனன்னு மார்க்எடிட்ல ஒரு எண்ணிக்கை, ரெண்டும் ஒண்ணா இருக்கணும். புரோகிராம் எழுதத் தெரிஞ்சா பைதான்ல மார்க் ஃபைல் படிக்கிற பைமார்க்ங்கிற தொகுப்ப வச்சு எண்ணலாம், ஒவ்வொரு ரெக்கார்டும் 29-ங்கிற எண்ணுள்ள கட்டுப்பாட்டு எழுத்துல முடியும்ங்கிறதால அத எண்ணினாலும் போதும். 952 எத்தனன்னும் எண்ணி காப்பிக் கணக்கோட ஒப்பிடுங்க, பிப்ளியோ சரியா இருந்து காப்பி குறையுற கேஸ் நிறைய. 245 இல்லாத ரெக்கார்டு இருக்கான்னு பாருங்க, இருந்தா அது பெரும்பாலும் எக்ஸ்போர்ட் பிழை இல்ல, உள்ளயே யாரோ பாதியில விட்ட ரெக்கார்டா இருக்கும்.

அதுக்கு அப்புறம் மொத்தத்தயும் ஏத்துறதுக்கு முன்னாடி 50 ரெக்கார்ட மட்டும் அந்தப் பக்கம் ஏத்திப் பாக்கணும், அந்த 50-ய ஃபைலோட ஆரம்பத்துல இருந்து எடுக்காதீங்க, அங்க எல்லாம் சாதாரண ரெக்கார்டாத்தான் இருக்கும். நீளமான தமிழ்த் தலைப்பு உள்ளது, தமிழும் இங்கிலீஷும் கலந்தது, 5 ஆசிரியர் உள்ளது, பல தொகுதியா வந்தது, ஐஎஸ்பிஎன்னே இல்லாத பழைய புத்தகம், ரெண்டு கிளையில காப்பி உள்ளது, ஐட்டமே இல்லாதது, இதழ், சிடின்னு தேடித் தேடி பொறுக்குங்க. ஏத்தினதும் ரெண்டு திரையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒவ்வொரு ரெக்கார்டா ஒப்பிட்டுப் பாருங்க, பிறகு தேடல் பெட்டியில தமிழ்ல டைப் பண்ணித் தேடியும் பாருங்க, ஏன்னா கொ மாதிரி எழுத்த சில பழைய ரெக்கார்டுல ஒற்றைக்கொம்பும் காலுமா ரெண்டு குறியீடா வச்சிருப்பாங்க, கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், தேடினா வராது.